மிதவை திரும்பிய நாள்

மிதவையைத் திருப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பாதி ஊர் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. கரன்ட் இல்லாத காலையில் வீட்டுக்குள் உட்கார்ந்து வேறு என்னதான் செய்வது. அந்த ஊருக்கு மின்சாரம் தொலைவிலிருந்து கம்பி வழியாக வருவதில்லை. படகுத்துறையை ஒட்டி, ஆற்றில் மிதக்கும் பெரிய இரும்புத் தளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் டீசல் இன்ஜின்களிலிருந்து வருகிறது. தளத்தின் மேல் நீளமான தகரக் கொட்டகை, கொட்டகைக்கு மேல் புகைக்குழாய்கள். வெளியூர்க்காரர்கள் அதை மின்நிலையம் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது மிதவை, அவ்வளவுதான்.

இன்ஜின்களைக் குளிர வைக்க ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும் குழாய்கள் மிதவையின் கரைப்பக்கத்தில் இருந்தன. அங்கே சேறு ஏறிப்போய், தண்ணீரோடு சேற்றையும் குடித்துக் குடித்து இன்ஜின்கள் சூடேறத் தொடங்கின. அதனால் இழுவைப் படகைக் கொண்டுவந்து மிதவையின் தலை இருந்த இடத்துக்கு வாலும், வால் இருந்த இடத்துக்குத் தலையும் வரும்படி திருப்பி நிறுத்தினார்கள். இப்போது உறிஞ்சு குழாய்கள் ஆழமான பக்கம் போயின. நிலத்தில் கட்டிய எந்த மின்நிலையமும் இப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்காது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊரில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை, வம்பு அதில்தான் வந்தது.

இந்த வேடிக்கையைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவன் இடம்வலம். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறையில் அவன் தற்காலிக ஆள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்தே இடது எது, வலது எது என்று அவனுக்குச் சட்டென்று பிடிபடாது. சோற்றாங்கையைக் காட்டு என்றால், கையைச் சாப்பிடுவதுபோல் குவித்துப் பார்த்துவிட்டுத்தான் காட்டுவான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய் வந்த பிறகு, கால் ஏன் வலிக்கிறது என்று கேட்பான். கல்யாணமான புதிதில் மனைவியின் அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. வைத்தவர் மறந்தாலும் ஊர் மறக்காத அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த அண்ணன்தான் மிதவையில் கேபிள்காரர். மிதவையையும் கரையையும் இணைக்கும் கை பருமனான மூன்று கேபிள்களும் அவர் பொறுப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே என்று தொட்டுச் சொல்வேன் என்பார். சொல்லவும் சொல்வார், அதில் பொய்யில்லை. தங்கை முகத்துக்காக, ஊர்த் தண்ணீர் விநியோகத்தைப் பார்க்கும் ஓவர்சியரிடம் பேசி இவனைப் பம்ப் அறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேர்த்துவிட்ட நாளிலிருந்து, "என் மானம் உன் கையிலதான் இருக்கு" என்று பார்க்கும்போதெல்லாம் ஒரு தடவை சொல்லிவிடுவார். இந்த மாதக் கடைசியில் அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஓவர்சியர் முடிவு சொல்ல வேண்டும். மனைவி அதை நம்பி, அண்ணன் வீட்டு மாடியிலிருந்து தனி வீட்டுக்குப் போகலாம் என்று ஜன்னல் வைத்த வீடாகப் பார்த்து வைத்திருந்தாள்.

கரன்ட் இல்லாத காலையில் சும்மா இருப்பானேன் என்று இடம்வலம் பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்தான். மூன்று ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையைத் தேய்த்து, கழற்றிய அதே இடத்தில் மாட்டினான். ஒன்றை மாட்டி முடிக்காமல் அடுத்ததைத் தொடவில்லை. தன் புத்தி எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு எரிந்தது. ஆற்றங்கரையில் யாரோ கைதட்டுவதுகூடக் கேட்டது. அவன் பச்சைப் பொத்தானை அமுக்கினான். மோட்டார் ஓடியது. மீட்டர் முள் எழுந்து நின்றது. எல்லாம் முறைப்படி இருந்தது, தண்ணீரைத் தவிர. குழாய்க்குள் களகளவென்று ஏதோ சத்தம் வந்தது. மேல்தொட்டிக்குப் போகும் அழுத்தம்தான் இல்லை. சோம்பேறி ஒருவன் வேலை செய்வதுபோல் பாசாங்கு பண்ணுவதாக அவனுக்குப் பட்டது.

வால்வைப் பார்த்தான். திறந்திருந்தது. திறந்துதான் இருக்கிறதா? ஒரு பக்கம் திருகினான், பிறகு மறுபக்கம் திருகினான். இப்போது திறந்ததா மூடியதா என்று அவனுக்கே சந்தேகம் வந்து, கையைச் சாப்பிடுவதுபோல் குவித்துப் பார்த்தான்.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போய், ஓவர்சியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து நின்றார். கூடவே கேபிள்காரரையும் வரவழைத்திருந்தார்.

"வால்வை மூடி வச்சுட்டு மோட்டாரைப் போட்டியா?" என்றார் ஓவர்சியர்.

"திறந்துதான் சார் இருக்கு. அப்படித்தான் நினைக்கறேன்."

"நினைக்கறியா?"

ஓவர்சியர் வால்வைத் தானே திருகிப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. அதில் அவருக்குக் கோபம் குறையவில்லை, கூடியது.

கேபிள்காரர் காலையில் கேபிள்களைக் கழற்றித் திரும்பக் கட்டிய வேலையின் பெருமை இன்னும் தோளில் இருந்து இறங்காமல் நின்றார். "எங்க பக்கம் ஒரு குறையும் இல்லைங்க. மிதவைல இருக்கற எங்க மோட்டார் எல்லாம் ஜோரா ஓடுது. இதோ, இங்கயும் லைட் எரியுது, ஃபேன் சுத்துது. கரன்ட் நல்ல கரன்ட்தான்." பிறகு மைத்துனன் பக்கம் திரும்பினார். "காலையில எதையாவது நோண்டினியா?"

"பெட்டியைத் திறந்து துடைச்சேன் மச்சான்."

"ஒயரைக் கழட்டினியா?"

"கழட்டி, அதே இடத்துல மாட்டினேன்."

இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதும், வழக்கு முடிந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள மேல்தொட்டி ரொம்பணும்" என்றார் ஓவர்சியர். கேபிள்காரர் போகும்போது வாசலில் நின்று, "மானத்தை வாங்கிட்ட இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இடம்வலம் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். அதே இடத்தில்தானே மாட்டினோம்? கண்ணுக்குள் அந்த ஒயர்கள் தெரிந்தன. ஆனால் நினைக்க நினைக்க அவை இடம் மாறின. தன் ஞாபகத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறவனுக்கு எந்த ஞாபகம்தான் நிலைக்கும். பாவம், அவனை விட்டுவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். அவனுக்குத் தன்னை விட மனமில்லை.

மனைவி சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். வந்ததும் வராததுமாக, "ஊருக்கு என்ன ஆச்சுன்னே புரியலைங்க" என்றாள். "ரொட்டிக்கடையில புகையை வெளியே தள்ற பெரிய ஃபேன் இருக்கில்ல, அது புகையை உள்ளே தள்ளுது. கடைக்காரர் இருமிக்கிட்டே வெளியே ஓடி வர்றார். மாவு மில்லுல போட்ட தானியம் பாதி அப்படியே வருதாம். மரக்கடையில ரம்பம் கட்டையை ஏத்துக்காம தூக்கி எறிஞ்சிருக்கு. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை."

"வீட்டு ஃபேன்?"

"அது பாட்டுக்கு ஓடுது. லைட்டும் எரியுது."

ரொட்டிக்கடை ஃபேனைத் தான் துடைக்கவில்லையே என்று மட்டும் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேராமல் பாதி வழியில் நின்றுவிட்டது. சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து மோட்டாரை நிறுத்தினான்.

ஓடும்போது அச்சு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது, வெறும் பளபளப்புதான் தெரியும். நிற்கப் போகும் கடைசி நேரத்தில்தான் கண்ணுக்கு அகப்படும். அவன் குனிந்து பார்த்தான். பிறகு பம்பின் உடம்பில், யாரோ மேலே பூசிவிட்ட பெயின்டைச் சாவியால் சுரண்டினான். அடியில் வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறி இருந்தது.

"இங்கே வா. இந்த அம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு கையாலே காட்டு."

அவள் காட்டினாள். அவன் மோட்டாரைப் போட்டு மறுபடி நிறுத்தினான். "இப்போ இது நிக்கும்போது எந்தப் பக்கம் சுத்துதுன்னு காட்டு."

அவள் கை எதிர்ப்பக்கம் சுற்றியது. "அம்புக்கு நேர் எதிரா சுத்துதுங்க" என்றாள்.

"நிஜமாவா? எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சதாலதான் நம்பலை."

புது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மெக்கானிக் என்ன செய்வார் என்று அவன் பார்த்திருக்கிறான். மெயினை அணைத்துவிட்டு மூன்று ஒயர்களில் இரண்டை ஒன்றின் இடத்தில் ஒன்றாக மாற்றிப் போடுவார். எந்த இரண்டு என்ற கேள்வியே கிடையாது, எந்த இரண்டை மாற்றினாலும் சுழற்சி திரும்பிவிடும். இடம் வலம் தெரியாதவனுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு மாதிரி இருக்கிறது. அவன் இரண்டை மாற்றிப் போட்டுப் பொத்தானை அமுக்கினான். குழாய் ஒரு தடவை உதறிக்கொண்டது, அப்புறம் தண்ணீர் கனமாக மேலே ஏறும் அந்தப் பழகிய சத்தம் வந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே அந்தச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அவள் கிளம்பும்போது தனி வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டாள்.

தகவல் தெரிந்து ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். "ஆக, காலையில நீதான் மாத்தி மாட்டியிருக்கே" என்றார்.

இடம்வலம் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒயரை மாற்றிய பிறகு தண்ணீர் வந்தது என்றால், மாற்றுவதற்கு முன் தப்பாக இருந்தது என்றுதானே அர்த்தம். தப்பாக இருந்தது என்றால் மாட்டியவன் தப்பு. கணக்கு நேராகத்தான் இருந்தது. "இருக்கலாம் சார்" என்று ஒப்புக்கொண்டான். ஓவர்சியருக்கும் மனசு கொஞ்சம் இளகியது. "இனிமே யாரும் சொல்லாம பெட்டியைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு முடிந்திருந்தால் நல்லது.

வெயில் தாழும் நேரத்தில் ஊர் விளக்குகள் பட்டென்று அணைந்தன. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தன. மிதவையில் ஏதோ சின்னச் சோதனை என்று சொல்லிக்கொண்டார்கள். இடம்வலம் பச்சைப் பொத்தானை அமுக்கினான். மோட்டார் ஓடியது, முள் எழுந்தது, குழாயில் களகளவென்று அதே பாசாங்குச் சத்தம் கேட்டது.

அவன் கை தானாக விலகியது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். அச்சு அம்புக்கு எதிராகச் சுற்றி நின்றது. திரும்பவும் போட்டுத் திரும்பவும் பார்த்தான். எதிராகத்தான் சுற்றியது. மத்தியானம் மாற்றினோம், தண்ணீர் ஏறியது, அதன் பிறகு இந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. இல்லை என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். சொன்ன குரலே தயங்கியது. தொட்டோமோ? மத்தியானம் சாப்பிட்டு முடித்த அசதியில் எழுந்து போய்க் கழற்றி மாட்டினோமோ? தன் கைகளை விரித்துப் பார்த்தான். எது எந்தக் கை என்பது இருக்கட்டும், இவை தன் கைகள்தானா என்றே சந்தேகமாக இருந்தது. அவன் உண்மையாகவே பயந்துபோனான்.

இந்த முறை ஓவர்சியர் கத்தவில்லை, அதுதான் மோசம். "மில்லு ஓடுது. மரக்கடை ஓடுது. ரொட்டிக்கடையும் திறந்தாச்சு. ஊர்ல எல்லாம் சரியா இருக்கு. உன் பம்ப் மட்டும் ஏன்பா இப்படி?"

"நான் தொடலை சார்."

"அதே இடத்துல மாட்டினேன்னும் நீதான் சொன்னே." அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "மேல்தொட்டி பாதிதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு லாரித் தண்ணி அனுப்பச் சொல்லிட்டு வர்றேன். மெக்கானிக்கையும் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள உன் சாமானை எடுத்து வச்சுடு. நாளைக்கு நீ வர வேண்டாம்."

அவர் போகவும் கேபிள்காரர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. செய்தி தெரிந்து அவரோடு கிளம்பி வந்த தங்கை, பம்ப் அறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். புருஷன் முகத்தை இப்போது பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

கேபிள்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். காலையிலிருந்த பெருமை தோளில் இல்லை. வழக்கமான அந்த மான வசனத்தையும் காணோம். இடம்வலம் டிபன் பெட்டியையும் துண்டையும் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் நீ ரெண்டு ஒயரை மாத்தினியாமே?"

"ஆமா மச்சான். அப்போ தண்ணி ஏறிச்சு."

"அப்புறம் தொடலை."

"தொடலைன்னுதான் நினைக்கறேன்."

கேபிள்காரர் கிட்டே வந்தார். கேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். தப்பு இங்க இல்லை. என்கிட்ட. மிதவையில மூணு கேபிள், கரையில மூணு கம்பம். எப்பவும் நேருக்கு நேரா கட்டுவேன். இன்னைக்கும் அப்படியே கட்டிட்டேன். ஆனா மிதவை தலைமாறி நிக்குதே. நேருக்கு நேர் கட்டினா ஓரத்துல இருக்கற ரெண்டும் இடம் மாறிப் போயிடும், அதை யோசிக்கலை. எங்க மோட்டாருக்கு இந்தக் கேபிள் வழியா கரன்ட் வர்றதில்லை, அதனால அங்க ஒண்ணும் தெரியலை. லைட்டுக்கும் வீட்டு ஃபேனுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. ஊர்ல மூணு ஒயர்ல ஓடற பெரிய மோட்டார் மட்டும் பின்பக்கமா சுத்திச்சு. ரொட்டிக்கடைக்காரர் வந்து புகையைப் பத்தி கத்தினப்பதான் எனக்கு உறைச்சுது. சாயங்காலம் சோதனைன்னு சொல்லி நிறுத்தி, ஓசைப்படாம மாத்திக் கட்டிட்டேன். ஊர் சரியாயிடுச்சு. நீ நடுவுல உன் பம்பை மட்டும் தனியா திருப்பி வச்சிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இடம்வலம் பையைக் கீழே வைத்தான்.

"இது எங்க இன்ஜினீயர் காதுக்குப் போனா என்னை மிதவையை விட்டே இறக்கிடுவார்" என்றார் கேபிள்காரர். "நீ பேசாம ஏத்துக்கோ. எப்படியும் உன்னை எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, புதுசா ஒண்ணும் கெட்டுடாது. உனக்கு வேற இடத்துல சொல்லி வைக்கறேன்."

சொல்லிவிட்டு, அழுவான் அல்லது சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை.

"அப்போ காலையில நான் ஒயரைச் சரியாத்தான் மாட்டினேனா?" என்று கேட்டான் இடம்வலம்.

"சரியாத்தான் மாட்டியிருக்கே."

"மத்தியானம் மாத்தினதும்?"

"அந்த நேரத்துக்கு அதுவும் சரிதான்."

"அப்புறம் நான் தொடவே இல்லை."

"இல்லை."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு பரவியது. கண்ணில் தண்ணீரும் வந்தது. வேலை போன துக்கம் அதில் துளியும் இல்லை. பிறந்ததிலிருந்து சந்தேகப்பட்டு வந்த தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நாள் முழுக்க ஒரு தப்பும் பண்ணலை மச்சான் நான்" என்றான். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. நல்ல செய்தியை நெருங்கின உறவிடம் முதலில் சொல்கிற சந்தோஷம்தான் இருந்தது.

கேபிள்காரருக்கு அந்தச் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். மனிதர் வெட்கத்தில் குன்றிப்போய் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு மச்சான்" என்றான் அவன். "சார்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் சொன்னா அவ நம்புவா. ஆனா எனக்கே நாளைக்குக் காலையில சந்தேகம் வந்துடும்."

கேபிள்காரர் பெட்டிக் கதவைச் சாத்தினார். பிறகு வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில் தங்கையிடம் என்னவோ சொன்னார். அவள் தலையைத் தூக்கி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நேரே தெருவில் இறங்கினார். மெக்கானிக்கோடு வந்துகொண்டிருந்த ஓவர்சியரை வழியிலேயே நிறுத்தி, ஊர் கேட்கிற குரலிலேயே, மிதவை திரும்பியதிலிருந்து கேபிள் மாறியது வரை ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார்.

ஓவர்சியர் முழுவதையும் கேட்டார். "உங்க இன்ஜினீயரை நான் பார்க்கணும்" என்றார் அவரிடம். பிறகு பம்ப் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். "பையில போட்டதை வெளியே எடுத்து வை. காலையில வழக்கம்போல வந்துடு. எடுத்து வை" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எடுத்து வை என்று இரண்டாம் தடவையும் சொன்னதை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மெக்கானிக் பெட்டியைத் தொடப் போனபோது கேபிள்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தானே மெயினை அணைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் குந்தினார். தங்கை உள்ளே வந்து டார்ச்சைப் பிடித்தாள்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுச் சொல்கிறவர், மூன்று ஒயர்களையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த ரெண்டை மாத்தட்டும் மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவர் அவனை அப்படிக் கூப்பிட்டு வருஷக் கணக்காகிவிட்டது.

"எதை வேணா மாத்துங்க மச்சான்" என்றான் அவன். "எப்படிப் போட்டாலும் சரியாத்தான் வரும்."